கண்ணுக்கு எட்டும் தூரம்: மொரீஷியஸிலிருந்து ரீயூனியனுக்கு

முதல் நாள், வியாழன், கத்ர் போர்ன்

நாளை பகல் 12.10-க்கு விமானம். மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் ஏறி, பக்கத்துத் தீவான ரீயூனியனின் ஜில்லோவில் இறங்க 50 நிமிடம் என்கிறது டிக்கெட். அத்தைக்கு இதில் நம்பிக்கை இல்லை. "ஐம்பது நிமிடத்தில் நான் போர்ட் லூயி சந்தைக்கே போய்ச் சேர்ந்ததில்லை" என்கிறார். அவருக்கு 74 வயது. தங்கையைப் பார்க்கப் போகிறார். துணைக்கு நான்.

அத்தையின் தமிழைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். அத்தை சிறுமியாக இருந்தபோது கோயில் மாலைப் பள்ளியில் எழுத்துக் கூட்டித் தமிழ் படித்தவர். அதனால் அவர் வாய் திறந்தால் பாடப்புத்தகம் பேசுவது போலிருக்கும். கும்பகோணத்திலிருந்து மருமகளாக வந்த புதிதில் என் பேச்சு அவருக்குப் பாதி புரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் மாறியது நான்தான். இப்போது நானும் வினைமுற்றை விழுங்காமல் பேசுகிறேன்.

நான் கணக்கு ஆசிரியை. தூரம் என்று யாராவது சொன்னால் கை சும்மா இருக்காது. பெட்டி கட்டி முடித்ததும் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்தேன். பிளேசான்ஸ், தெற்கு அட்சரேகை 20.43 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 57.68. ஜில்லோ, 20.89, 55.51. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. ஆகவே 0.46 பாகைக்கு 51. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக ஒன்றையொன்று நெருங்குவதால் 111-ஐ இந்த இடத்தின் கொசைனால், அதாவது 0.936-ஆல், பெருக்க வேண்டும். 2.17 பாகைக்கு 225 கி.மீ. வருகிறது. பிறகு பிதாகரஸ். விடை 231 கி.மீ. பூமி உருண்டை என்பதை இதில் நான் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு சின்னத் தூரத்துக்கு உருண்டையும் தட்டையும் ஒன்றுதான்.

இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். மேலே சமமாகப் பறக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. போகும். 231-ஐ 500-ஆல் வகுத்தால் 28 நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை. டிக்கெட்டில் 50. மீதி 22 நிமிடம் எங்கே போகிறது? நாளை கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து பிடித்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பழைய வழக்கு மறுபடியும் எழுந்தது. "ஷமரேலில் இருந்தபோது ரீயூனியன் மலையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்" என்றார் அத்தை. தைப்பூச விரதம் இருக்கும் நாட்களில், சாயங்காலம், சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்குமாம். என் கணவர் வழக்கம்போல, "மேகம், அம்மா" என்றார். எனக்குத் தெரிந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக அது மேகம். அதற்கு முன்பும் மேகமாகத்தான் இருந்திருக்கும்.

தாள் மேசைமேலேயே இருந்தது. ஓர் இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அங்கிருந்து தொடுவானம் எத்தனை கி.மீ. என்பது கிடைக்கும். ரீயூனியனின் உச்சி பித்தோன் தே நேய்ஜ். பனிச் சிகரம் என்று பொருள். அபூர்வமாகத்தான் அங்கே பனி விழும். உயரம் 3,070 மீட்டர். அதன் தொடுவானம் 198 கி.மீ. ஷமரேல் எங்கள் தீவின் மலைக் கிராமம். ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில் நின்றால் தொடுவானம் 56 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 254. அந்தத் தூரம்வரை ஒன்றிலிருந்து மற்றது தெரியும். ஷமரேலுக்கும் அந்தச் சிகரத்துக்கும் இடையே உள்ள தூரம் 211 தான். வானம் தெளிவாக இருந்தால் சிகரத்தின் மேல்பகுதி ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாகக் கடலுக்கு மேலே நிற்க வேண்டும்.

தாளைக் கணவர் பக்கம் தள்ளினேன். அவர் இரண்டு முறை படித்தார். ரசத்தில் உப்பு குறைவு என்றார்.

அவர் தூங்கிய பிறகு இன்னொன்றையும் பார்த்தேன். ஷமரேலிலிருந்து அந்தச் சிகரம் இருக்கும் திசை 249 பாகை, மேற்கிலிருந்து சற்றுத் தெற்காக. சூரியன் அதே திசையில் அஸ்தமிப்பது ஆண்டில் இரண்டு முறை. நவம்பர் 20 வாக்கில் ஒன்று, ஜனவரி மூன்றாம் வாரத்தின் முடிவில் இன்னொன்று. பெரும்பாலான ஆண்டுகளில் தைப்பூச விரதம் ஜனவரி பாதிக்கு மேல்தான் தொடங்கும். அத்தை சொன்னதில் பிழை ஏதுமில்லை. சூரியன் பின்னாலிருந்து ஒளி கொடுத்ததால்தான் மலை கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. மற்ற நாட்களில் அது நீலத்தில் நீலமாகக் கரைந்திருக்கும்.

இரண்டாம் நாள், வெள்ளி, வானத்தில் 37 நிமிடம்

முதலில் புலம்பலை முடித்துவிடுகிறேன். 12.10 விமானம் 14.40-க்குத் தள்ளிப்போனது. காரணம் கேட்டதற்குத் "தொழில்நுட்பம்" என்ற ஒரு சொல் கிடைத்தது. அத்தை கொண்டுவந்த புளிச்சோறு பொட்டலம் 11.30-க்கே காலி.

காத்திருந்த நேரத்தில் அத்தை தன் முதல் ரீயூனியன் பயணத்தைச் சொன்னார். 1976-இல் தங்கைக்குக் கல்யாணமானது. பெண்ணைக் கொண்டுபோய் விடக் குடும்பமே கப்பலேறியது. சாயங்காலம் போர்ட் லூயியில் ஏறி, மறுநாள் விடிந்த பிறகு இறங்கினார்களாம். இரவெல்லாம் வாந்தி. மணப்பெண் மட்டும் வாந்தி எடுக்கவில்லை. "அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவர்களுக்கு வாந்தி வராது" என்றார். இதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி என் கடிகாரக் குறிப்பு.

வீட்டை விட்டுக் கிளம்பியது 9.10. கதவு அடைத்தது 14.46. சக்கரம் உருள ஆரம்பித்தது 14.52. தரையை விட்டது 15.01. ஜில்லோவில் தரை தொட்டது 15.38. நின்றது 15.43. வானத்தில் இருந்தது 37 நிமிடம், உருளத் தொடங்கியதிலிருந்து நின்றது வரை 51. தாமதத்தைக் கழித்துவிட்டால் டிக்கெட் சொன்னது ஒரு நிமிடம்தான் பிசகியிருக்கிறது. அந்த அளவில் அவர்கள் நேர்மையானவர்கள்.

22 நிமிடத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பங்கு இரண்டு முனைகளிலும் தரையில் ஊர்வதில் போய்விடுகிறது. மற்றது காற்றின் கணக்கு. பிளேசான்ஸ் ஓடுபாதையின் ஒரு முனைக்கு எண் 14, அதாவது திசைகாட்டியில் அது ஏறக்குறைய 140 பாகைத் திசையைப் பார்க்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் தென்கிழக்குக் காற்று. விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும். ஆகவே மேற்கே போக வேண்டிய நாங்கள் முதலில் தென்கிழக்கே கடலுக்குள் ஓடி, பிறகு வலப்பக்கம் வளைந்து தீவைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். ஜில்லோவிலும் இதே கதை. கிழக்கிலிருந்து வரும் விமானம் நேரே இறங்க முடியாது. ஓடுபாதையையும் சேன் தெனி நகரத்தையும் தாண்டிப் போய், கடல்மேல் திரும்பி, எதிர்காற்றைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறது. நேர்கோட்டின் 231 கி.மீ.யுடன் இந்த இரண்டு வளைவுகளுக்கும் முப்பது நாற்பது கி.மீ.யாவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒன்றில் நான் ஏமாந்தேன். தென்கிழக்குக் காற்று முதுகில் தள்ளும், போகும்போது வேகமாகப் போகலாம் என்று எண்ணியிருந்தேன். இந்தப் பருவத்தில் அந்தக் காற்று இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலே மேற்கிலிருந்து அடிக்கும். நாங்கள் பறந்தது ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய உயரம். கடலில் அலை ஒரு பக்கம் ஓட, மேலே மேகத் துணுக்குகள் எங்களை நோக்கி எதிரே வந்தன. வகுப்பில் வர்த்தகக் காற்று பாடம் கேட்ட பிள்ளைகளிடம் இதை மறைக்கப் போவதில்லை.

ஏடிஆரில் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். முன்பகுதியில் சாமான் அறை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் சன்னல்காரர்களுக்குக் கீழே எதுவும் மறைக்காது. அத்தையை இடப்பக்கச் சன்னலில் உட்கார வைத்தேன். ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் 250 கி.மீ. தொலைவில். இரண்டு தீவுக்கும் இடைவெளியே 231. ஆகவே நடுவழியில் யாருக்காவது முதுகிலும் கண் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எழும்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். பழச்சாற்றுக் கோப்பையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை முழங்கையால் இடித்தார். முன்னால், மேகப் படுகைக்கு மேலே, கூரை ஓடு கவிழ்த்தது போல ஒரு கறுப்பு.

"அதோ. நான் பார்த்தது இதுதான்."

"நிச்சயமாகவா அத்தை?"

"இடது பக்கம் சரிவு, வலது பக்கம் ஒரு பல். இதேதான். அப்போது எனக்கு ஒன்பது வயது."

அதன் பிறகு இறங்கும்வரை அவர் பேசவில்லை. நான் கோப்பையை மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.

ஜில்லோவில் பாஸ்போர்ட் வரிசை விரைவாக நகர்ந்தது. ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவாகிற பணம் யூரோ. மொரீஷியஸ் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா வேண்டியதில்லை. சுங்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். அத்தையின் கைப்பையில், ஈரத்துணியில் சுற்றி, ஒரு கட்டு கறிவேப்பிலை. இலை, செடி, பழம் எதையும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. தீவின் கரும்புக்கும் பழமரங்களுக்கும் வெளியிலிருந்து நோய் வந்துவிடும் என்ற பயம், நியாயமான பயம். எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். "இது கரிபூலே" என்று அத்தை விளக்க, அந்த அதிகாரி முகர்ந்து பார்த்துச் சிரித்து, "ஆ, கலூபிலே! இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது, மாதாம்" என்று சொல்லியே தொட்டியில் போட்டார். கறிவேப்பிலை என்ற சொல் மொரீஷியஸில் கரிபூலே ஆகவும், 231 கி.மீ. தள்ளிக் கலூபிலே ஆகவும் தேய்ந்திருக்கிறது. இலையைப் பறித்துக்கொண்டாலும் எனக்கு ஒரு சொல் கிடைத்தது.

சேன் ஆந்த்ரேயில் சின்ன அத்தையின் வாசலில் கால் வைத்தபோது மணி 17.20. வீட்டிலிருந்து எட்டு மணி பத்து நிமிடம். விமானத் தூரத்தை இதால் வகுத்தால் மணிக்கு 28 கி.மீ. கடல்மேல் தார்ச்சாலை போட்டிருந்தால் ஒரு நல்ல மிதிவண்டிக்காரர் எங்களோடு சேர்ந்து வந்திருப்பார்.

மூன்றாம் நாள், சனி, சேன் ஆந்த்ரே

அக்காவும் தங்கையும் காலையிலிருந்து சமையற்கட்டில். பேசுவது கிரியோல், ஆனால் இரண்டு கிரியோல். 'நான்' என்பதற்கு அக்கா 'மோ' என்கிறார், தங்கை 'மி' என்கிறார். ஐம்பது ஆண்டில் தங்கை இந்தத் தீவின் பேச்சுக்கு முழுதாக மாறிவிட்டார். தமிழ் அவரிடம் பாட்டாக மட்டும் இருக்கிறது. மாரியம்மன் தாலாட்டை ஒரு வரி தவறாமல் பாடுகிறார். "குழந்தாய், தண்ணீர் வேண்டுமா" என்று நான் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டது அவருக்குப் புரியவில்லை.

முருங்கைக் கீரை அக்காவுக்கு மூரும், தங்கைக்கு மூரூங். தமிழர்களைக் குறிக்கும் சொல்லும் கடலில் எங்கோ புரண்டுவிட்டது. ரீயூனியனில் 'மல்பார்' என்றால் நாம்தான், தமிழ் வழி வந்தவர்கள். சின்ன அத்தையின் மகன் தன்னை அப்படித்தான் இயல்பாகச் சொல்லிக்கொள்கிறான். மொரீஷியஸில் அதே சொல் வட இந்திய வழி வந்த இந்துக்களைக் குறிக்கும், அதுவும் மரியாதைக் குறைவாக. அங்கே தமிழருக்கு 'மத்ராஸ்' என்று பெயர். மலபாரிலிருந்து இரண்டு தீவுக்கும் வந்தவர்கள் சொற்பம் என்பதை இந்த வழக்கில் யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

மதியம் கொலோஸ் கோயிலுக்குப் போனோம். கரும்புக் காட்டுக்கு நடுவே, கடலுக்குப் பக்கத்தில், வண்ணம் பூசிய கோபுரம். கரும்பு முழுதாக வளர்ந்து நிற்கிற நேரம், கோபுரத்தின் கீழ்ப் பாதி தெரியவில்லை. பிரகாரத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து மூவரும் உட்கார்ந்தோம். அங்கேதான் சின்ன அத்தை அதைச் சொன்னார். அக்காவிடம் கிரியோலில் சொன்னார், அக்கா எனக்குத் தமிழாக்கினார்.

கல்யாணமான முதல் இரண்டு வருடம் தினமும் சாயங்காலம், மாவு பிசைந்த கையோடு, முற்றத்து முனையில் போய் நின்று கடலைப் பார்ப்பாராம். அக்கா ஷமரேலிலிருந்து இந்தத் தீவைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாளே, அங்கிருந்து இது தெரிந்தால் இங்கிருந்து அது தெரியத்தானே வேண்டும்? ஒரு நாளும் தெரியவில்லை. மாமியார் கேலி செய்தாராம். மூன்றாம் வருடம் குழந்தை பிறந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

கேட்டுக்கொண்டிருந்தபோதே என் விரல் தரையில் எழுத ஆரம்பித்துவிட்டது. மொரீஷியஸின் உயர்ந்த சிகரம் கறுப்பாற்று மலை, 828 மீட்டர்தான். அதன் தொடுவானம் 103 கி.மீ. சேன் ஆந்த்ரேயிலிருந்து அது 192 கி.மீ. மீதி 89 கி.மீ.யைப் பார்க்கிறவர் தன் உயரத்தால் ஈடுகட்ட வேண்டும். அதற்கு 620 மீட்டர் வேண்டும். சின்ன அத்தையின் முற்றம் கடல்மட்டத்திலிருந்து ஒரு தென்னை மர உயரம் இருக்கலாம்.

அக்கா குட்டையான தீவின் மலைமேல் நின்று நெட்டையான தீவைப் பார்த்தாள். தங்கை நெட்டையான தீவின் காலடியில் நின்று குட்டையானதைத் தேடினாள். இதை எந்த மொழியில் சொல்வது என்று யோசித்து, கடைசியில் மண்ணில் படம் போட்டுக் காட்டினேன். சின்ன அத்தை படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனை அழைத்து, 620 மீட்டருக்கு மேலே கார் போகுமா என்று கேட்டார்.

போகும். சேன் பெனுவாவிலிருந்து பிளேன் தே பால்மிஸ்த் போகிற மலைச் சாலை ஆயிரம் மீட்டரை எட்டுகிறது. திங்கள் காலை என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேறு வேலை.

நான்காம் நாள், ஞாயிறு, கிராந்த் ஷலூப்

அவனுடைய வேலை, ரீயூனியனின் துறைமுகம் இருக்கும் போர்ட் நகரில். எங்களையும் ஏற்றிக்கொண்டு போய் வழியில் கிராந்த் ஷலூப்பில் இறக்கிவிட்டான். சேன் தெனியைத் தாண்டியதும் மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பாறை உருண்டு விழும் பழைய சாலைக்குப் பதிலாகக் கடலுக்குள்ளேயே தூண் நட்டு 5.4 கி.மீ. நீளத்துக்குப் பாலம் கட்டி 2022-இல் திறந்திருக்கிறார்கள்.

கிராந்த் ஷலூப் ஒரு பள்ளத்தாக்கின் வாய். அங்கே 1860-களில் கட்டிய கல் கட்டடங்கள், கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களைத் தொற்றுநோய்க்காகத் தனிமைப்படுத்தி வைத்த இடம். 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பாய்க்கப்பல்களில் ஏற்றினார்கள். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடிக்க வழி திறந்தது. கடலில் வாரக்கணக்கு. கரை தெரிந்த பிறகும் பயணம் முடியவில்லை. இந்தக் கல் சுவர்களுக்குள் இன்னும் எத்தனையோ நாள்.

நேற்று முன்தினம் இரண்டரை மணி நேரத் தாமதத்துக்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஊரிலிருந்து காரைக்கால் ஒரு பஸ் தூரம். சின்ன வயதில் நாங்கள் அங்கே போனது அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவுக்கு. அத்தை சுவரில் கை வைத்துக்கொண்டே அந்தக் கட்டடத்தின் நீளத்தை நடந்து முடித்தார். நான் பின்னாலேயே நடந்தேன்.

ஐந்தாம் நாள், திங்கள், மலைமேல்

விடிவதற்கு முன் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. ராத்திரி திசையைக் கணக்குப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த மலைச் சரிவிலிருந்து கறுப்பாற்று மலை 67 பாகைத் திசையில். ஜூலை இரண்டாம் வாரத்தில் இந்த அட்சரேகையில் சூரியன் உதிப்பதும் அதே 67 பாகையில். அக்காவுக்கு அஸ்தமனச் சூரியன் செய்த உதவியைத் தங்கைக்கு உதயச் சூரியன் செய்யக்கூடிய வாரத்தில், திட்டமே இல்லாமல், வந்து நிற்கிறோம்.

தெரிந்தால் எவ்வளவு தெரியும் என்றும் பார்த்து வைத்திருந்தேன். 1,100 மீட்டர் உயரத்தில் நின்றால், 198 கி.மீ.க்கு அப்பால், சிகரத்தின் மேல் முந்நூறு மீட்டர் கடலுக்கு மேலே நிற்கும். கண்ணுக்கு அது சூரிய வட்டத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. தோசையின் ஓரத்தை எலி கடித்தது போல ஒரு சின்னக் கறுப்பு.

நான்கு மணி என்றால் நான்கு மணி என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நான்கு மணிக்கு ஒருவர் தேநீர் போட ஆரம்பித்தார், மற்றவர் தலை வாரிக்கொண்டிருந்தார். கிளம்பியது ஐந்து. தம்பி வளைவுகளில் காரைத் திருப்பிய வேகத்தை எழுதினால் அவன் அம்மா படிக்காவிட்டாலும் வேறு யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள். பெரிய சாலையை விட்டு ஒரு கிளைப்பாதையில் ஏறி, கடல் திறந்து தெரிகிற ஒரு வளைவில் நிறுத்தினான். கைப்பேசி 1,090 மீட்டர் காட்டியது. குளிர் எலும்பில் இறங்கியது. இரண்டு அத்தைகளும் ஒரே கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கீழே சேன் பெனுவாவின் விளக்குகள், அதற்கப்பால் கடல், கடலின் முடிவில் ஒரு விரற்கடை தடிமனுக்கு மேகம். வானம் முழுவதும் துடைத்து வைத்தது போலிருந்தது, வேண்டிய அந்த ஒரு விரற்கடையைத் தவிர. சூரியன் அந்தப் பட்டைக்கு மேலே வந்தபோது ஏற்கெனவே கூசுகிற மஞ்சள். சிகரம் அதற்குப் பின்னால் இருந்திருக்கும். நாங்கள் பார்த்தது மேகம்தான். இந்த முறை என் கணவர் சொன்னால் நான் மறுக்க முடியாது.

என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, சின்ன அத்தை மகனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவன் இடப்பக்கம், வெகு தள்ளி, கீழே கையைக் காட்டினான். சின்ன அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும்தான் எனக்குத் தமிழில் கிடைத்தது.

"சர்க்கரை ஆலையின் புகைபோக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு வருடமும் இவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்."

போவா ரூஜ் ஆலை அவர் வீட்டுக்கு வடக்கே. கப்பல் போர்ட் துறையில் இறங்கி, வடகரை வழியாக வண்டியில் வந்ததால், பிறந்த வீடு அந்தப் பக்கம் என்று மனதில் பதிந்துவிட்டதாம். மொரீஷியஸ் கிட்டத்தட்ட நேர் கிழக்கே, கடலோரத்து ஷாம் போர்னுக்கு அப்பால். 620 மீட்டர் உயரம் இருந்திருந்தாலும் அவர் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்த வடக்குத் திசையில் தேடிக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடலும் சில பொடித் தீவுகளும்தான்.

திரும்பும் வழியில் நானும் ஒரு வீண் கணக்குப் போட்டேன். பிளேசான்ஸிலிருந்து சென்னை 4,450 கி.மீ. விமானத்தில் ஆறு மணி நேரத்தை ஒட்டி வரும். சென்னை மணல் கண்ணில் பட மொரீஷியஸில் எவ்வளவு உயரமான மலை வேண்டும்? ஏறக்குறைய 1,950 கி.மீ. விண்வெளி நிலையம் சுற்றுவதே 400 கி.மீ. உயரத்தில்தான். என் மாமியார் எனக்கு முற்றத்து முனையில் நிற்கத் தடை ஏதும் சொன்னதில்லை. நின்றதும் இல்லை.

வீடு வந்ததும் சின்ன அத்தை கோலமாவுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். கைப்பேசியின் திசைகாட்டியைத் தரையில் வைத்து, 72 பாகைக்கு, முற்றத்தில் ஒரு கோடு இழுத்தேன். கோடு நேரே பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் போய் முட்டியது.

ஆறாம் நாள், செவ்வாய், திரும்பியது

ஜில்லோவில் எதிர்காற்றில் எழும்பினால் மூக்கு கிட்டத்தட்ட மொரீஷியஸ் பக்கம்தான் இருக்கிறது, வளைய வேண்டியதில்லை. மேலே மேற்குக் காற்றும் முதுகில். பிளேசான்ஸில் மட்டும் தீவின்மேல் வந்து வடமேற்கிலிருந்து இறங்கினோம். வானத்தில் இருந்தது 33 நிமிடம், போனதை விட நான்கு குறைவு. தாமதம் இல்லை. வாசலிலிருந்து வாசல் ஐந்து மணி நாற்பது நிமிடம்.

இம்முறை அத்தை நடைவழி இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, கால் நீட்ட இடம் வேண்டும் என்றார். பையில் சின்ன அத்தை கொடுத்த ஒரு டப்பா மிளகாய் ஊறுகாய். இலையோ செடியோ இல்லை, நானே இரண்டு முறை சோதித்தேன்.

சாயங்காலம் கணவர் தேநீரோடு வந்து, "மலை தெரிந்ததா?" என்று கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் கோயில் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்தார். அடுத்த ஆண்டுக்கானது இன்னும் வரவில்லை. டிசம்பர் தாளைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "ஜனவரி 21, 22. ஷமரேல். மாலை ஆறு. கார் வேண்டும்" என்று எழுதி மகன் கையில் கொடுத்தார்.